எண்பத்தெட்டாவது மாதிரி

காலை மணி 10.12. மாதிரிகள் 213. பொறுப்பு: ஹெப்சிபா தேவசகாயம். அறிக்கையின் தலைப்பு பதினெட்டு வருடங்களாக இந்த வரிசையில்தான் வருகிறது. முதலில் நேரம், பிறகு எண்ணிக்கை, பிறகு பெயர், அதற்குக் கீழே ஒவ்வொரு மாதிரிக்கும், அதாவது நிரலைச் சோதிக்கும் ஒவ்வொரு கணக்குக்கும், ஒரு வரி. தேறியது பச்சை, தேறாதது சிவப்பு. பச்சையை ஹெப்சிபா படிப்பதில்லை. யாருமே படிப்பதில்லை. விரலால் உருட்டிக்கொண்டே போவாள், திரை முழுவதும் பச்சையாக ஓடி முடிந்தால் காபி குடிக்கப் போகலாம். இன்று பச்சைக்கு நடுவே சிவப்பு ஒன்று ஓடி மறைந்தது. உருட்டுவதை நிறுத்தி மேலே வந்தாள். எண்பத்தெட்டு. கிரிப்டான் கோடு. எதிர்பார்த்தது 1, வந்தது 10.4. முதலில் தோன்றியது பயம் இல்லை, எரிச்சல். பத்து புள்ளி நான்கு என்பது பிழையின் அளவே இல்லை. பிழை என்றால் மூன்று சதவீதம் இருக்கும், எட்டு சதவீதம் இருக்கும், எங்கேயோ ஒரு கூட்டல் கொஞ்சம் விலகியிருக்கும். பத்து மடங்கு என்றால் யாரோ அட்டவணைக் கோப்பை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோப்பை வைத்தது அவள்தான், இன்று காலை ஒன்பதரைக்கு. வெளிநாட்டுப் பரிசோதனைக்கூடம் ஒன்று போன வாரம் வெளியிட்ட புதிய அட்டவணை. கிரிப்டான் அயனிமீது எலக்ட்ரான் மோதினால் எவ்வளவு ஒளி வரும் என்பதை முதல்முறையாக உண்மையிலேயே அளந்திருந்தார்கள். அதுவரை எல்லோரும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். அதை ஏன் இன்றைக்கே போட்டுப் பார்க்க வேண்டும், நாளைக்குப் போட்டிருக்கலாம், திங்கள்கிழமைக்குப் பிறகு போட்டிருக்கலாம். இதே நிரலை வைத்து ஆராய்ச்சி செய்யும் அமீனுக்காகத்தான். பதினொரு மணிக்கு அவன் மேடையில் கிரிப்டானைப் பற்றிப் பேசும்போது யாராவது எழுந்து, புதிய அளவுகளைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்துவிட்டோம், ஒன்றும் மாறவில்லை என்று அவன் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை அவனுக்குக் கொடுக்க நினைத்தாள்.

எண்பத்தெட்டை மட்டும் தனியாக ஓடவிட்டாள். ஒன்பது நிமிடம் ஆகும். ஏசியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டியது, மூன்று சொட்டு, ஒரு இடைவெளி, மூன்று சொட்டு. போன வாரம் முறுக்கு கடித்ததில் கடைவாய்ப்பல்லின் ஓரம் உடைந்திருந்தது. நாக்கு அங்கேயே போனது. ஒன்பது நிமிடம் ஒரு பெரிய நேரம் இல்லை. ‘புகை’ பிறந்த காலத்தில் இதே கணக்குக்கு இரண்டு நாள் ஆகும், இரண்டு நாள் கழித்து மின்சாரம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. நிரலுக்குப் புகை என்று பெயர் வைத்தது, ஆரம்பத்திலிருந்து அவளோடு வேலை செய்யும் குஞ்சிதபாதம். வாயுவைப் பற்றிய நிரலுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்றார். வேலை என்னவென்று உறவினர்கள் கேட்டால் ஹெப்சிபா சொல்லும் பதில் ஒன்று உண்டு. விண்மீன்களுக்கு நடுவே வாயு இருக்கிறது, அங்கே போய் யாரும் தெர்மாமீட்டர் வைக்க முடியாது, அதன் ஒளி மட்டும்தான் இங்கே வந்து சேரும். அந்த ஒளியைப் பிரித்தால் கோடு கோடாக நிற்கும். எந்த வாயு, எவ்வளவு அடர்த்தி, பக்கத்தில் எரிகிற விண்மீன் எப்படிப்பட்டது என்று நாம் சொன்னால், எந்தக் கோடு எவ்வளவு பிரகாசமாக வரும் என்று நிரல் சொல்லும். அதோடு வானத்தில் வந்த கோட்டை ஒப்பிட்டு அங்கே என்ன இருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். இவ்வளவையும் கேட்டுவிட்டு நாகர்கோவில் சித்தி, சரி, சம்பளம் ஒழுங்கா வருதா என்பாள். மூன்று சொட்டு, இடைவெளி. நிரலுக்குச் சொந்த அறிவு கிடையாது, அட்டவணையில் என்ன எண் இருக்கிறதோ அதை நம்பும். ஓர் அயனி இவ்வளவுதான் ஒளிரும் என்று அட்டவணை சொன்னால் அவ்வளவுதான். அதைவிட அதிகமாக வானத்தில் ஒளி வந்தால், அங்கே அயனி அதிகம் என்று சொல்லும். எனவே ஒவ்வோர் அயனியும் உண்மையில் பத்து மடங்கு ஒளிரக்கூடியது என்றால். வேண்டாம். முதலில் ஓடி முடியட்டும். பத்து புள்ளி நான்கு. அமீன் கண்டுபிடித்தது, செத்துக்கொண்டிருக்கும் ஒரு விண்மீன் உதறிய வாயுவில் கிரிப்டான் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு இருக்கிறது என்பது. அப்படி ஒரு விண்மீன் இருக்க வேண்டுமானால் கனமான தனிமங்கள் உருவாக இதுவரை யாரும் சொல்லாத ஒரு வழி இருக்க வேண்டும். கட்டுரை இன்று வெளிவருகிறது. செய்திக் குறிப்பு பத்திரிகைகளுக்குப் போய்விட்டது, பதினொரு மணி வரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. திங்கள்கிழமை நியமனக் குழு கூடுகிறது. அமீனின் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பத்தொன்றோடு முடிகிறது. பத்தைப் பத்தால் வகுத்தால் ஒன்று. ஒன்று என்றால் எல்லா விண்மீனையும் போல ஒரு விண்மீன். ஒன்று என்றால் ஒன்றுமில்லை.

10.23. எதிர்பார்த்தது 1, வந்தது 10.4. கை தானாகவே மவுஸை விட்டுவிட்டு மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. சரி, புதிய அட்டவணை தப்பாக இருக்கலாம். அளந்தவர்களும் மனிதர்கள்தான். அவர்கள் வரிசையை மாற்றி அச்சிட்டிருக்கலாம், அலகை மாற்றியிருக்கலாம். அப்படி நடந்ததுண்டு, இரண்டாயிரத்து ஒன்பதில் இரும்பு அட்டவணையில் அப்படி நடந்து நான்கு மாதம் வீணாயிற்று. அந்த எண்ணம் கொஞ்சம் இதமாக இருந்தது. அதிலேயே இருந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அட்டவணையில் மற்ற அயனிகளும் இருக்கின்றன. அவற்றை வைத்து ஓடிய மாதிரிகள் எல்லாம் இரண்டு சதவீதம், ஐந்து சதவீதம் என்று நல்ல பிள்ளையாகத் தேறியிருக்கின்றன. ஒரு வரி மட்டும் பத்து மடங்கு. அச்சுப்பிழை அப்படித்தான் வரும், ஒரே ஒரு வரியில். ஆமாம், அச்சுப்பிழை. யாருடைய அச்சுப்பிழை என்பதுதான் கேள்வி. நாக்கு பல்லுக்குப் போனது. எண்பத்தெட்டின் எதிர்பார்ப்பு 1 என்று வைத்தது யார், எப்போது. அதைப் பார்க்க ஒரு கட்டளை போதும். அந்தக் கட்டளையை அவள் உடனே அடிக்கவில்லை. மின்னஞ்சலைத் திறந்து மூடினாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்தாள். பிறகு அடித்தாள். மாற்றக் குறிப்பு வந்தது, ஒரே ஒரு வரி, 2013 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை, மாலை 3.41, மாதிரி 88, எதிர்பார்ப்பு பழைய அளவில் பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டு 1 என்று குறிக்கப்படுகிறது, காரணம் புதிய கணக்கீட்டு முறை, பார்த்தவர்கள் ஹெ.தே., கு.பா. மூன்று நாற்பத்தொன்று. தையற்காரர் நான்கு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார். அது முதலில் ஞாபகம் வந்தது, கிரிப்டான் அல்ல, வேளச்சேரி தையற்காரரும் கத்தரிப்பூ நிற ஜாக்கெட்டும். தம்பியின் கல்யாணம், எழும்பூரில் ஐந்தேகால் மணி ரயில், ஜாக்கெட் இன்னும் கடையில்.

இந்த இடத்தில் ஒரு விதி உண்டு, இருவர் விதி. நிரலில் ஒன்றை மாற்றினால் 213 மாதிரிகளையும் ஓடவிட வேண்டும். ஏதாவது தேறவில்லை என்றால் இரண்டு வழிதான். நிரல் தப்பு, அதைத் திருத்து. அல்லது நிரல் முன்பைவிடச் சரியாகிவிட்டது, பழைய விடைதான் தப்பு, விடையை மாற்று. இரண்டாவது வழி ஆபத்தானது, மாணவன் எழுதியதைப் பார்த்துவிட்டு விடைக்குறிப்பைத் திருத்துகிற வேலை அது. எனவே இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கைப் பார்த்து, தங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். விதியை எழுதியதே அவளும் குஞ்சிதபாதமும்தான். அந்த வெள்ளிக்கிழமை முப்பத்தேழு மாதிரிகள் விழுந்தன. புதிய கணக்கீட்டு முறை வந்ததால் எல்லாக் கோடுகளும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருந்தன, எதிர்பார்த்ததுதான். காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்து இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், ஆறு சதவீதம், சரி, நான்கு சதவீதம், சரி. இரண்டு மணிக்கு அவர் போய்விட்டார். முப்பத்தாறு முடிந்திருந்தது. ஒன்று மீதி. அதை அவள் பார்த்தாள். பார்த்தாளா. பத்தில் ஒன்றாகக் குறைந்திருந்தது அவள் கண்ணில் பட்டது, நிச்சயம் பட்டது, குறிப்பிலேயே எழுதியிருக்கிறாளே. மெல்லிய வாயுவில் அப்படியும் நடக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதா, அல்லது தோன்ற வேண்டும் என்று விரும்பினாளா. மூன்று நாற்பத்தொன்று. ஹெ.தே. என்று அடித்தாள். கமா போட்டாள். அவர் முப்பத்தாறில் போட்டிருக்கிறார், முப்பத்தேழாவதிலும் போட்டிருப்பார், திங்கள்கிழமை வந்ததும் சொல்லிவிடலாம். கு.பா. என்று அடித்தாள். நான்கு விசைகள். திங்கள்கிழமை கல்யாணம். அடுத்த திங்கள்கிழமை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே மறந்துவிட்டது. மறந்தது என்பதை இன்று காலை வரை அறியாத அளவுக்கு மறந்துவிட்டது. ஜாக்கெட் தோளில் இறுக்கமாக இருந்தது. அது ஞாபகம் இருக்கிறது.

“இன்னும் கிளம்பலையா?” குஞ்சிதபாதம் கதவைத் தட்டுகிற ஆள் இல்லை. எவர்சில்வர் டம்ளரோடு உள்ளே வந்து நாற்காலியின் மேலிருந்த காகிதங்களை ஒதுக்கி உட்கார்ந்தார். ஐம்பத்தொன்பது வயது, அடுத்த வருடம் ஓய்வு, எப்போதும்போல அரைக்கை வெள்ளைச் சட்டை. “அமீனைப் பாத்தேளா? கோட்டு போட்டுண்டு வந்திருக்கான். மார்ச் மாசத்துல. பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி இருக்கான்.” திரையை அவர் பக்கத்திலிருந்து பார்க்க முடியாது. என்றாலும் அறிக்கையைச் சிறிதாக்கினாள். “நல்லாத்தானே இருக்கும் சார்” என்றாள். “நன்னாத்தான் இருக்கு. வேர்த்துக் கொட்டறது, அதான்.” அவர் குடித்தார். எண்பத்தெட்டு என்று சொல்லிவிடலாம், ஒரே சொல், மீதியை அவரே புரிந்துகொள்வார், புரிந்துகொண்டு டம்ளரைக் கீழே வைப்பார், குறிப்பைத் திறங்கோ என்பார், குறிப்பில் அவருடைய எழுத்து இருக்கும். “சார், 2013ல ஒரு பதிப்பு போட்டோமே, முப்பத்தேழு டெஸ்ட் விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?” “இல்லாம என்ன. காலம்பர எட்டு மணிக்கு உக்காந்தோம். மத்தியானம் எனக்குக் கண் டாக்டர். மருந்து விட்டுட்டான், ராத்திரி வரைக்கும் எல்லாம் மங்கல். பஸ் நம்பரைக் கூடப் பக்கத்துல நின்னவன்தான் படிச்சுச் சொன்னான்.” “முப்பத்தேழையும் பாத்தீங்களா?” “என்ன கேள்வி இது? கையெழுத்து இருக்கோல்லியோ?” “இருக்கு.” “அப்பறம் என்ன. பாக்காம நான் போட மாட்டேன். என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையவே மூணு தரம் ப்ரூஃப் பாத்துட்டுத்தான் அச்சுக்கு விட்டேன். சம்பந்தி, பொண்ணு மனசு மாறிடப் போறா, சீக்கிரம் குடும்னார்.” அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், முகத்தில் அந்த வேலை தானாக நடந்தது. “எதுக்குக் கேக்கறேள்?” “சும்மாதான் சார்.” “முன் வரிசைல எடம் பிடிச்சு வெக்கறேன். சீக்கிரம் வாங்கோ.” டம்ளரை அவள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அடியில் நுரை வளையமாக நின்றது. அவர் நம்புகிறார். அன்று பார்த்தாரா என்று தன் ஞாபகத்தைக் கேட்கவில்லை, தன் கையெழுத்தைக் கேட்டார், கையெழுத்து ஆமாம் என்றது. அதை அவள் அப்படியே விட்டுவிட்டால் போதும். நாளைக்கே தெரியவந்தாலும் இரண்டு பேர் பார்த்தும் தவறிய பிழை என்றாகும், எல்லா இடத்திலும் நடப்பது, வருத்தம் தெரிவித்து இரண்டு வரி. இரண்டு பேர். அவர் தலையை ஆட்டி, ஆமாம், நானும் பாத்தேன், கண்ல படலையே என்பார். சொல்லக்கூடிய மனிதர்தான். மங்கலான கண்ணோடு பார்த்திருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தாள். கிரிப்டான் கோப்பு கீழ்த்தட்டில், நாடா கட்டியபடி. அதில் மூலக்கட்டுரையின் நகல் இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கணக்குத்தான், அளவு இல்லை, ஆனால் அதிலிருந்துதான் எண்கள் எடுக்கப்பட்டன. 2013இல் எல்லா அட்டவணைகளையும் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது ஒரு தற்காலிகப் பணியாளர் உட்கார்ந்து தட்டச்சு செய்தார், மூன்று மாதம், பிறகு ஒரு வங்கி வேலைக்குப் போய்விட்டார். நகலின் ஓரம் பழுத்திருந்தது. நான்காம் பக்கம், இரண்டாவது பத்தி, கீழிருந்து மூன்றாவது வரி. ஸ்கேலை வைத்துப் படித்தாள். பத்தின் அடுக்கு மைனஸ் எட்டு. திரைக்குத் திரும்பினாள். நிரலின் அட்டவணையில் மைனஸ் ஒன்பது. மறுபடி நகல். எட்டு. எட்டின் கீழ் வட்டம் கொஞ்சம் அழிந்திருந்தது, ஒன்பது போல, அவசரமாகப் பார்த்தால் ஒன்பதுதான். பழைய எண்ணுக்கும் புதிய அளவுக்கும் நான்கே சதவீத வித்தியாசம். பத்து புள்ளி நான்கின் நான்கு அங்கிருந்து வருகிறது, பத்து இங்கிருந்து. வெளிநாட்டுக்காரர்கள் மேல் தப்பில்லை. நகலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது அமைதியாக இருந்தது. அதுதான் பிடிக்கவில்லை. அமீன் ஒப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. உலகத்தில் இதே வேலையைச் செய்கிற இன்னொரு நிரலில் போட்டுப் பார்த்தான், அதிலும் பத்து மடங்குதான் வந்தது. அந்த நிரல்காரர்கள் கிரிப்டான் அட்டவணையைப் புகையிலிருந்துதான் எடுத்திருந்தார்கள், நன்றி தெரிவித்து மின்னஞ்சல்கூட அனுப்பினார்கள், அவள்தான் கோப்பை அனுப்பினாள். கட்டுரையைப் பரிசீலித்தவர்களும் புகையில்தான் சரிபார்த்திருப்பார்கள். எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடிகாரம். 10.41.

சொல்லாமல் இருந்தால் எத்தனை நாள். புதிய அட்டவணை எல்லோருக்கும் கிடைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. யாராவது எடுத்துத் தங்கள் நிரலில் போடுவார்கள். நான்கு மாதம், ஆறு மாதம். திங்கள்கிழமை குழு கூடுவதற்கு மூன்று முழு நாள்கூட இல்லை. நியமனம் ஆகிவிட்டால் பிறகு ஒரு கட்டுரை தப்பானது என்பதற்காக யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள், அறிவியலில் தப்பு நடக்கும் என்பார்கள், உண்மையும் அதுதான். எனவே சொல்லாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது. இந்த வாக்கியம் எவ்வளவு சுத்தமாக வந்து நின்றது என்று பார்த்தாள். மூன்று நாற்பத்தொன்றுக்கும் இப்படித்தான் ஒரு வாக்கியம் வந்து நின்றிருக்கும். புதிய கோப்பை நீக்க ஒரு கட்டளை போதும், நீக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டால் 213இல் 213, எல்லாம் பச்சை. வேண்டாம் என்றால் எதிர்பார்ப்பை மாற்றலாம், முன்பு செய்ததுதான், காரணம் புதிய அட்டவணை, பார்த்தவர்கள் என்று போட்டு நான்கு விசைகள். விண்மீன்களுக்கு நடுவே உள்ள மெல்லிய வாயுவில் ஓர் அயனி மோதல் வாங்கிய பிறகு சும்மா நின்றுகொண்டிருக்கும், வாங்கிய ஆற்றலை உள்ளே வைத்துக்கொண்டு, வினாடிக்கணக்கில். அணுவுக்கு அது யுகம். அதற்குள் இன்னொன்று வந்து இடித்துவிட்டால் ஆற்றல் அதோடு போய்விடும், ஒளி வராது. யாரும் இடிக்காவிட்டால் மட்டும்தான் ஒளி. இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். குஞ்சிதபாதம் வந்து இடித்துவிட்டுப் போனார். சொல்ல வந்தது போயிற்று. இனி யாரும் வராமல் இருந்தால் சொல்லிவிடுவாளா. யாரிடம். சுவரிடமா.

“மேடம், மைக்கை எங்க குத்துறதுன்னு தெரியல.” வாசலில் அமீன். முப்பத்து நான்கு வயது, காயல்பட்டினம், ஆறு வருடமாக இந்த நடையின் கடைசி அறையில் இருக்கிறான். நீலக் கோட்டு தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. “கோட்டுல குத்துனா சரசரன்னு சத்தம் வருதாம்.” “கோட்டைக் கழட்டிரு.” “உம்மா வாங்கிட்டு வந்தது. கழட்டினா ஏன்னு கேப்பாங்க.” “அம்மா வந்திருக்காங்களா?” “முன் வரிசையில உக்காந்திருக்காங்க. நட்சத்திரத்துல என்னமோ கண்டுபிடிச்சியாமே, தண்ணியான்னாங்க. இல்ல, கிரிப்டான்னேன். அத வச்சு என்ன செய்யன்னாங்க. பல்புல அடைப்பாங்கன்னேன். ஒரு பல்புக்கா இத்தன வருஷம்னுட்டாங்க.” அவன் சிரித்தபோது நெற்றியில் வேர்வை மின்னியது. குஞ்சிதபாதம் சொன்னது சரிதான். இப்போது. அவன் சிரித்து முடிக்கட்டும், இப்போது. “புது அட்டவணை போட்டுப் பாக்கிறேன்னு சொன்னீங்களே மேடம், ஓடி முடிஞ்சிருச்சா?” வாளியில் மூன்று சொட்டு. “ஓடிக்கிட்டிருக்கு” என்றாள். தன் குரல் சாதாரணமாக இருந்தது அவளுக்குக் கேட்டது. “பரவாயில்ல. யாராவது கேட்டா ஓடிக்கிட்டிருக்குன்னே சொல்லிக்கிறேன். எனக்கு அதுல பயம் இல்ல. எழுதறதுக்கு முன்னாடியே எண்பத்தெட்டோட பழைய குறிப்பத் தேடி எடுத்துப் பாத்துட்டேன். உங்க எழுத்து மட்டும் இருந்திருந்தா மூலக்கட்டுரைய எடுத்துக் கையால ஒரு தடவ போட்டுப் பாத்திருப்பேன். சாரோட எழுத்தும் இருந்துச்சு. சரின்னு விட்டுட்டேன்.” “ஏன், என் எழுத்து போதாதோ?” “ஐயோ, அப்படி இல்ல மேடம். விதியே ரெண்டு பேருன்னுதானே.” மைக்கைச் சட்டையின் பொத்தான் பட்டியில் குத்திப் பார்த்தான், வயர் கோட்டுக்குள் போனது, சரியாக நின்றது. “வந்துருங்க, சரியா பதினொண்ணுக்கு ஆரம்பிச்சிருவாங்க.” போய்விட்டான். மூலக்கட்டுரையின் நகல் அவள் மடியில்தான் இருந்தது, மேசைக்குக் கீழே, நான்காம் பக்கம் திறந்தபடி. அவன் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான்கு விசைகள். அதை ஒரு சின்னத் தப்பு என்றே இவ்வளவு நேரமும் வைத்துக்கொண்டிருந்தாள், பெரிய தப்பு தட்டச்சுக்காரருடையது, எட்டை ஒன்பதாகப் படித்தது, தன்னுடையது அதைப் பிடிக்கத் தவறியது, அதற்கு மேல் ஒரு சின்ன ஒழுங்கீனம், கமாவுக்குப் பின்னால் நான்கு விசைகள். இல்லை. அந்த நான்கு விசைகள் இல்லாமல் ஹெ.தே. மட்டும் தனியாக நின்றிருந்தால் ஒருவன் அலமாரியைத் திறந்திருப்பான், நாடாவை அவிழ்த்திருப்பான், எட்டை எட்டு என்று படித்திருப்பான். ஆறு வருடம். முன்பே தெரிந்திருந்தால் அவன் வேறு விண்மீனைத் தேடியிருப்பான், வயது இருந்தது. 10.50. பயம் இப்போதுதான் சரியான உருவத்தில் வந்தது, ரயிலைத் தவறவிடப்போகிறோம் என்று தெரிகிற நேரத்துப் பயம் போல. எத்தனை படி ஏற வேண்டும், எந்த நடைமேடை, பெட்டி எங்கே. அன்றைக்கு ரயிலைப் பிடித்துவிட்டாள். ஐந்தேகால் ரயிலில் ஐந்து பன்னிரண்டுக்கு ஏறினாள், ஜாக்கெட் பொட்டலத்தோடு. எதிர் சீட்டுக்காரர் தண்ணீர் கொடுத்தார். நன்றாக வேலை முடித்த நாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கினாள். நகலை எடுத்துக்கொண்டாள். அறிக்கையை அச்செடுக்க நேரமில்லை, வேண்டியதில்லை, ஒரு எண்தான். நடையில் கேன்டீன் சாம்பார் வாசனை, அரங்க வாசலில் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் கேமரா முக்காலியை விரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே எழுபது பேர் இருக்கும். முன் வரிசையில் பச்சை முக்காடு போட்ட ஓர் அம்மா, மடியில் கைப்பை, திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே பெரிய எழுத்தில் பத்து மடங்கு கிரிப்டான், அதற்குக் கீழே நூ. அமீன் என்றிருந்தது. பக்கத்தில் குஞ்சிதபாதம், அடுத்த நாற்காலியில் தன் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். அதில் உட்காரலாம். உட்கார்ந்தால் முடிந்தது. கால் அந்தப் பக்கம் ஓரடி வைத்தது. வைத்தது அவளுக்குத் தெரிந்தது.

மேடையின் ஓரத்தில் அமீன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். 10.56. “சார், நீங்களும் வாங்க” என்று குஞ்சிதபாதத்தைக் கூப்பிட்டாள். அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று பேரும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றார்கள். “மைக்கை அணைச்சிரு” என்றாள். அவன் அணைத்தான். “எண்பத்தெட்டு விழுந்திருச்சு. ஓடிக்கிட்டிருக்குன்னு சொன்னது பொய். பத்தேகாலுக்கே முடிஞ்சிருச்சு.” நகலை நீட்டினாள், விரல் வரிமேல் இருந்தது. “நம்ம அட்டவணையில மைனஸ் ஒன்பது. இதுல எட்டு.” அமீன் வாங்கிப் பார்த்தான். எட்டை உற்றுப் பார்க்க அவனுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. “எத்தன மடங்கு?” என்றான். “பத்து புள்ளி நாலு.” அவன் கணக்குப் போடவில்லை, போட ஒன்றுமில்லை. “சாரும் பாத்தாரே” என்றான், அவளைப் பார்த்து அல்ல, காகிதத்தைப் பார்த்து. குஞ்சிதபாதம் வாயைத் திறந்தார். “நான்தான் கவனிக்காம” என்று ஆரம்பித்தார். “இல்ல சார்” என்றாள். “அன்னிக்கு நீங்க பாத்தது முப்பத்தாறு. இது நீங்க கண் டாக்டர்கிட்ட போனதுக்கு அப்புறம். ரெண்டு கையெழுத்தும் நான் போட்டது.” அவர் கைக்குட்டையை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். “முப்பத்தாறா” என்றார், யாரிடமும் இல்லாமல். அமீன் நகலை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். கோட்டின் பொத்தான்களைக் கழற்றினான், ஒவ்வொன்றாக. உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “உம்மா கேப்பாங்க” என்றான். அரங்கத்தின் கடிகாரம் 10.59 காட்டியது. அவன் கோட்டை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, மைக்கை மறுபடி போட்டுக்கொண்டு மேடைக்குப் போனான். முதலில் திரையை அணைத்தான்.

2025 ஜூன் 20, வெள்ளிக்கிழமை, புகையின் இருபத்தோராம் பதிப்பு வெளியானது. மாதிரி 88, கிரிப்டான் கோடு, எதிர்பார்ப்பு 1 என்பதிலிருந்து 10.4 ஆக மாற்றப்பட்டது. காரணம்: 2013ஆம் ஆண்டின் தட்டச்சுப் பிழை. பார்த்தவர்கள்: நூ.அ., கு.பா.